ஆடாத பந்து

ஊதிட்டான். ரெஃப்ரி ஊதிட்டான், ஃப்ரீ கிக், பாக்ஸுக்குக் கொஞ்சம் அந்தாண்ட, நேரா என் மூஞ்சிக்கு எதிர்ல. அதோட வுட்டிருந்தா இந்நேரம் அடிச்சு முடிச்சிருப்பானுங்க, கோலோ இல்லையோ எதுவோ ஒண்ணு ஆயிருக்கும், எனக்கு யோசிக்க நேரமே இருந்திருக்காது. ஆனா நம்ம டில்லி இருக்கானே, எனக்கு முன்னாடி டிஃபென்ஸ்ல நிக்கிற மகராசன், கால வுட்டு ஆள சாய்ச்சதும் அவன்தான், அப்புறம் கோவம் வந்ததும் அவனுக்குத்தான். சொம்மா கெடந்த பந்த ஒரு உதை வுட்டான் பாரு, காம்பவுண்டு செவுரத் தாண்டி ரயில்வே லைனுக்குப் போயிடுச்சு. ரெஃப்ரி மஞ்சக் கார்டு காட்றான், டில்லி கையெடுத்துக் கும்புட்றான், ஜனம் சிரிக்குது, அந்த நேரம் பாத்து கூட்ஸ் வண்டி ஒண்ணு ஆடி அசஞ்சு வந்து சிக்னலுக்கு நின்னுக்கிச்சு. பந்து அதுக்கு அந்தாண்ட. வண்டிக்கு அடியில பூந்து போறேன்னு ரெண்டு பேர் கெளம்பினானுங்க, கமிட்டி ஆளுங்க சட்டையப் புடிச்சு இழுத்துக்கினாங்க, இந்த ஏரியா ரயிலுக்குக் குடுத்த உசுரு போதும். சரி, வேற பந்து போடுங்களேன்னா, போட மாட்டாங்க. இது மோசஸ் கோப்பை ஃபைனலு, எங்க டீம்ல ஆடி செத்துப்போனவன் பேர்ல நடக்கறது. காலைல மோசஸ் படத்துக்கு முன்னாடி வெச்சு, அவங்கம்மா தொட்டுக் குடுக்கிற பந்துதான் கடைசி விசில் வரைக்கும் ஓடணும், அது இங்கத்திய பழக்கம். போன வருசம் மழைல பந்து காவாயில போனப்பகூட எறங்கி எடுத்து கழுவி அதையேதான் போட்டானுங்க. அதனால எல்லாரும் இடுப்புல கைய வெச்சுக்கினு கூட்ஸ் வண்டியப் பாத்துக்கினு நிக்கிறாங்க. நாங்க ஒண்ணுக்கு சைபர்ல முன்னாடி இருக்கோம், ஆட்டம் முடியப்போற நேரம். நான் இஸ்ரவேலு, இவங்களுக்கு இசரு, கோல்கீப்பரு, மீதி நாள்ல ட்ரெய்லர் டிரைவரு. நானும் நிக்கிறேன்.

வண்டியே, நவுராத. கொஞ்ச நேரம் அப்டியே நில்லு. இல்ல, நவுந்துடு, அந்தப் பந்து எனக்கு வேணும். அய்யய்ய, எது வேணும்னே தெரியலையே எனக்கு. அந்தப் பந்து கெட்டவன்தான், ஆனா என் பக்கம் நிக்கிற கெட்டவன். புதுசு, வெள்ளைல நீலக் கோடு, பழைய பந்து மாதிரி முப்பத்திரண்டு துண்டு தோலு தைச்சது கெடையாது, பெருசு பெருசா எட்டே துண்டு, சூடு வெச்சு ஒட்டினது, தடவிப் பாத்தா பிளாஸ்டிக் கொடம் மாதிரி வழவழன்னு. இந்த டோர்னமென்ட்ல நான் வுட்ட மூணு கோலும் அதாலதான். நான் சொல்லல, ஊரே சொல்லுது. மொத மேட்ச்ல தூரத்துலேந்து அடிச்சான் ஒருத்தன், பந்து நெஞ்சுக்கு நேரா வருது, கைய வெச்சேன், கடைசில அப்டி ஒரு வெட்டு வெட்டி தோளாண்ட போயிடுச்சு. யாரும் என்னைத் திட்டல. "பந்து ஆடுதுண்ணே, நீ இன்னா பண்ணுவ"ன்னு டில்லியே வந்து முதுகுல தட்டினான். கமிட்டி போட்ட ஃபுட்பால் கேம்புக்கு வந்த காலேஜ் வாத்தியார் ஒருத்தரு பந்த ரெண்டு கைல புடிச்சுக்கினு பொறுமையா சொன்னாரு. பந்து மேல தையல் பள்ளம் நெறய இருந்தா காத்து அதுல ஒட்டிக்கினு பின்னாடி வரைக்கும் போவும், பந்தும் சொன்ன வழியில போவும். வழவழன்னு இருந்தா காத்து சீக்கிரமே கழண்டுக்கும். அதுலயும் சுத்தாம போற பந்துன்னா பேஜாரு, ஒரு பக்கம் ஒட்டு வந்து காத்துக்குக் காட்டும், மறு பக்கம் மழமழன்னு இருக்கும், காத்து இங்க ஒரு நேரம் கழலும் அங்க ஒரு நேரம் கழலும், பந்து இப்டித் தள்ளும் அப்டித் தள்ளும், அடிச்சவனுக்கே எங்க போவும்னு தெரியாதுன்னாரு. கேக்கக் கேக்க எனக்கு எவ்ளோ சந்தோசம்னு சொன்னா நம்ப மாட்ட. வாய மூடிக்கினு சர்ச்சுல பிரசங்கம் கேக்கிற மாதிரி கேட்டேன். திருப்பிச் சொல்லுங்க சார்ன்னு கேட்டேன், திருப்பியும் சொன்னாரு. ஆடுது. பந்துதான் ஆடுது. வாத்தியாரே சொல்லிட்டாரு.

தோ லோகு நிக்கிறான், அவன்தான் அடிக்கப்போறவன். சுத்தவே சுத்தாம அடிப்பான். அடிக்கிறதுக்கு முன்னாடி அந்த எட்டுத் துண்டுப் பந்த குத்துவெளக்கு வைக்கிற மாதிரி திருப்பித் திருப்பி வைப்பான், ஒட்டு எந்தப் பக்கம் வரணும்னு அவனுக்கு ஒரு கணக்கு. இப்ப பந்து இல்லாம சொம்மா கால உதறிக்கினு இருக்கான். இவன் அடிச்சு அந்தப் பந்து ஆடி உள்ள போனா ஒருத்தனும் என்னைக் கேக்க மாட்டான். நான் பாட்டுக்கு உக்காந்து தண்ணி குடிப்பேன், பந்து ஆடுச்சுபான்னு சொல்லுவேன், எல்லாரும் தலைய ஆட்டுவாங்க. போஸ்ட்ட தொட்டுக்கினு நிக்கிறேன், இரும்பு சுடுது. இந்த போஸ்ட்டு கோணல். நான்தான் மொதல்ல பாத்தேன், நடுவுல யாரோ புடிச்சு இழுத்த மாதிரி லேசா வளைஞ்சிருக்கு. கமிட்டில சொன்னேன், வந்து பாத்தாங்க, நூலு கட்டிப் பாத்தாங்க, "நேராத்தான கீது இசரு, இன்னா காலைலயே போட்டியா"ன்னு கலாய்ச்சாங்க. நானும் சிரிச்சேன். குடிக்கிறவனா நானு? குடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும், குடியாலன்னு ஒரு காரணம் கெடைச்சிருக்கும்.

பாத்ரூம் டைல்ஸு அப்டித்தான். ரோஸ்லின் ஆசப்பட்டு ஒட்டினது, நானே பக்கத்துல நின்னு மேஸ்திரிய வேலை வாங்கினேன். போன மாசம் குளிச்சுக்கினு இருக்கும்போது பாக்கறேன், கோடு அலையா போவுது. தண்ணிக்குள்ள பாக்கிற மாதிரி. ஏய் ரோஸு, அந்தாளு இன்னாடி இப்டி ஒட்டி வெச்சிருக்கான்னு கத்தினேன். ஈரக் கையோட ஓடியாந்து பாத்துட்டு, "எங்கய்யா கோணலு, ஸ்கேல் வெச்ச மாதிரி இருக்குது, ஒனக்குக் கண்ணு கிண்ணு கெட்டுப்போச்சா"ன்னா. சொம்மாத்தான் சொன்னா. பொண்டாட்டிங்க பேசறதுதானே, கண்ணு அவிஞ்சுபோச்சான்னு தெனம் ஒரு தடவ கேப்பாளுங்க, உப்பு டப்பா கண்ணுக்கெதிர்ல இருந்தும் எடுக்கலன்னா கேப்பாளுங்க. ஆனா அன்னிக்கு அது போய் எங்கயோ குத்திக்கிச்சு, மீன் முள்ளு தொண்டைல நிக்கிற மாதிரி, முழுங்கினாலும் போவல துப்பினாலும் வரல. ஈரத் தலையோட கண்ணாடிக் கடைக்குப் போனேன். அங்க இருந்த பொண்ணு சின்னப் பொண்ணு, நல்லாத்தான் பேசிச்சு, எழுத்துலாம் படிக்கச் சொன்னுச்சு, ரெண்டு கண்ணும் தொறந்து படிச்சேன். அப்புறம் கோடெல்லாம் அலையுதுன்னு நான் சொன்னதக் கேட்டு கட்டம் கட்டமா கோடு போட்ட அட்டை ஒண்ணு எடுத்துக்கினு வந்துச்சு. "வலது கண்ண மூடிக்கோங்கண்ணா, நடுவுல புள்ளி இருக்கு பாருங்க, சுத்தி இருக்கிற கோடெல்லாம் நேரா தெரியுதா சொல்லுங்க." வண்டி நோ பார்க்கிங்ல நிக்குதும்மா, தோ வந்துட்றேன்னு எழுந்து வந்துட்டேன். பின்னாடியே வாசல் வரைக்கும் வந்துச்சு அந்தப் பொண்ணு, "அண்ணா, கண்ணாடில சரியாவற விஷயம் இல்லண்ணா, பெரிய ஆஸ்பத்திரில கண்ணுக்குப் பின்னாடி இருக்கிற திரையப் பாக்கணும், லேட் பண்ணாதீங்க"ன்னுச்சு. வண்டி எங்கயும் நிக்கல. நடந்துதான் போயிருந்தேன்.

இப்பகூட முடியும். இங்கயே, இந்த போஸ்ட்டப் பாத்துக்கினே வலது கண்ண மூடினா தெரிஞ்சுடும். ஒரு செகண்டு வேல. கைகூட வேணாம், ஒரு கண்ணு அடிச்சாப் போதும், பொண்ணுங்களப் பாத்து அடிக்கிற மாதிரி. மாட்டேன். ரெண்டு கண்ணும் தொறந்திருக்கிற வரைக்கும் ஒண்ணு சொல்ற பொய்ய இன்னொண்ணு கொஞ்சம் மூடி மறைக்குது, நான் பாட்டுக்கு வண்டி ஓட்டிக்கினு போறேன். எண்ணூர் ரோட்ல வெள்ளக் கோடு வளையுது, சரி, கோடு போட்டவன் கோணலாப் போட்டான். ஹார்பர் கேட்டு கம்பி வளையுது, சரி, எவனோ இடிச்சிருப்பான். எல்லாத்துக்கும் ஒரு ஆளு கெடைக்கிறான் எனக்கு. மேஸ்திரி, ரோடு போட்டவன், கேட்ட இடிச்சவன், பந்து செஞ்சவன். அப்டியே போயிடலாம்னுதான் பாத்தேன். நம்ம டீமு பிராக்டிஸ் பந்து பழசு, அந்த முப்பத்திரண்டு துண்டு, கையால தைச்சது, சாகற வரைக்கும் நேராவே போற ஜாதி. டோர்னமென்ட் ஆரம்பிச்சதுலேந்து நான் பிராக்டிஸுக்கே போவல. தோளு வலின்னு சொல்லிட்டேன். தோளு கல்லு மாதிரி இருக்கு.

மோசஸு படத்துலேந்து பாக்கறான். கார்னர் கொடியாண்ட மேசை போட்டு வெச்சிருக்காங்க, பெரிய ரோசாப்பூ மாலை, ஒரு பக்கம் அவங்கம்மா ஏத்தின மெழுகுவத்தி, ஒரு பக்கம் பசங்க கொளுத்தின கற்பூரம். பக்கத்துல சேர்ல அந்தம்மா உக்காந்திருக்கு. இந்த டீமுக்கு செண்டர் ஃபார்வர்டு அவன், என்னடா பாதிரியாரே, கையத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணு, பந்து தானா வந்து வுழும்ன்னு என்னைக் கலாய்ப்பான். மணலி ரோட்ல பைக்ல போனவன் ட்ரெய்லரு பின்சக்கரத்துக்கு உள்ள போயிட்டான். இடது பக்கம் திரும்பினான் டிரைவரு, மோசஸு அங்க இருந்தான், அவ்ளோதான். நான் அன்னிக்கு அதே ரோட்ல பின்னாடி வேற வண்டில வந்தேன், எறங்கி ஓடினேன். அந்த டிரைவர அடிச்சு ரோட்ல உக்கார வெச்சிருந்தாங்க, வாயெல்லாம் ரத்தம், என்னை மாதிரியே கைலி கட்டின ஆளு, எல்லார் மூஞ்சியும் பாத்து ஒண்ணே ஒண்ணுதான் சொன்னான், தெரியலபா, சத்தியமா எனக்குத் தெரியலபா. நான் அவன் சட்டையப் புடிச்சுக் கேட்டேன், ஏன்டா, முழுசா ஒரு ஆளு வண்டியோட வர்றான், தெரியலையா, கண்ணு இல்லையாடா ஒனக்கு. அன்னிக்கு அது சும்மா ஒரு திட்டு. நாக்குல வர்ற திட்டு. இப்ப ராத்திரி படுத்தா அதே வார்த்தை என் சட்டையப் புடிக்குது. ஓட்டாம இருந்தா? ஓட்டாம இருந்தா நான் யாரு? எனக்கு வேற இன்னா தெரியும்? வேன் டிரைவருக்கும் கண்ணு வேணும், வாச்மேனுக்கும் கண்ணு வேணும், கோல்கீப்பருக்கு வேணாமா? ரோஸ்லின்கிட்ட இன்னா சொல்லுவேன், நீ சொம்மா கேட்டது நெசம்டீன்னா? போன வாரம் மாதவரத்தாண்ட ஒரு ஸ்கூட்டி, முன்னாடி ஒரு கொழந்த நிக்குது, ஓட்டிக்கினு வந்த பொம்பள என் வண்டி இடது பக்கக் கண்ணாடில தெரிஞ்சா, அப்புறம் தெரியல, அப்புறம் தெரிஞ்சா. கண்ணாடில அழுக்குன்னு வண்டிய ஓரங்கட்டி தொடைச்சேன். கண்ணாடி சுத்தமா இருந்துச்சு. திருப்பியும் தொடைச்சேன்.

கைத்தட்றாங்க. எதுக்கு? வண்டி நவுந்துடுச்சா? இல்லையே, அது அங்கயேதான் செத்த பாம்பு மாதிரி கெடக்குது. மோசஸோட அம்மா எழுந்து நிக்கிது, கமிட்டி ஆளுங்க சுத்தி நின்னு ஏதோ சொல்றாங்க, அந்தம்மா சேலைய இழுத்துப் போர்த்திக்கினு, "பசங்க எவ்ளோ நேரம்பா வெய்யில்ல நிப்பானுங்க, எம்புள்ள இருந்தா ஆட்டத்த நிறுத்துன்னா சொல்லுவான்? எதுனா ஒரு பந்தக் குடுங்க, நான் தொட்டுத் தரேன்"னு சத்தமா சொல்லுது, மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேக்குது. எதுனா ஒரு பந்தா? அய்யோ, வேணாம்மா. எங்க டீமு பையிலேந்து எடுத்துக்கினு ஓட்றாங்க. கறுப்பு வெள்ள. பழசு. முப்பத்திரண்டு துண்டு. இங்கேந்தே தெரியுது, எனக்கு அது தெரியாதா, எத்தினி வருசம் மார்ல போட்டுத் தூங்கினது. அந்தம்மா அத மேசை மேல மோசஸுக்கு முன்னாடி வெச்சு, ஒரு நிமிசம் கண்ண மூடி, ஒரு பூவப் பிச்சு அது மேல வெச்சு எடுத்துக் குடுக்குது. டில்லி துள்ளிக்கினு ஓடியாறான். "அண்ணே! நம்ம பந்துண்ணே! அவனுங்க நாறப்போறானுங்க, இது ஆடவே ஆடாது, கண்ண மூடிக்கினு புடிப்ப நீ!" ரெஃப்ரி ஊதறதுக்கு முன்னாடியே எங்க ஆளுங்க ஜெயிச்ச மாதிரி ஒருத்தன ஒருத்தன் கட்டிக்கிறானுங்க. லோகு மூஞ்சி செத்துப்போச்சு. அவன் பந்தத் திருப்பிப் பாக்கறான், எந்தப் பக்கம் வெச்சாலும் ஒண்ணுதான், எல்லாப் பக்கமும் தையல். ஆடக்கூடாது சாமி. இது ஆடிச்சுன்னா நான் யாரச் சொல்லுவேன்? மெதுவா அடிச்சா பழைய பந்துகூட லேசா ஆடும்னு வாத்தியார் சொன்னாரே, சொன்னாரா, ஆமா கடைசில ஏதோ சொன்னாரு. லோகு, மெதுவா அடிடா. இல்லன்னா மேல தூக்கி அடிச்சுடு, ரயிலுக்கே அடி. கோல் வேணும்னா தரேன், நான் எதிர்ப்பக்கம் குதிக்கிறேன், கோப்பைய எடுத்துக்கினு போ. நேரா மட்டும் அடிக்காத.

செவுரு மாதிரி எங்க ஆளுங்க நிக்கிறாங்க, கைய முன்னாடி பொத்திக்கினு. ஊதிட்டான். லோகு வரான், ஓடி வரான், உதைச்சான், தப்புன்னு அந்தப் பழைய சத்தம், தோலு சத்தம், டில்லி தலைக்கு மேல வருது, வேகமா, நேரா வருது, நல்லா நேரா, கறுப்பு வெள்ள கறுப்பு வெள்ள, அப்பாடா, நேரா, அங்க, அந்த இடத்துல, வளையுது. டைல்ஸ் வளைஞ்ச மாதிரி, ரோட்டுக் கோடு வளைஞ்ச மாதிரி, வலப் பக்கம் ஒரு இழுப்பு, நடுவுல ஒரு ஓட்டை, பந்தே இல்ல, காத்து மட்டும் இருக்குது, அப்புறம் பெருசா மூஞ்சிக்கு முன்னாடி. எங்கே வருதுன்னு எனக்குத் தெரியல. நான் குதிக்கல. கால் நவுரல எனக்கு, கைய மூஞ்சிக்குக் குடுத்தேன், அடி வுழப்போற ஆளு குடுக்கிற மாதிரி. கைல வந்து அறைஞ்சு நெஞ்சுல ஒட்டிக்கிச்சு. நான் அதக் கட்டிக்கினு மண்ணுல வுழுந்தேன்.

கிரவுண்டே எழுந்து கத்துது, தப்பட்டை அடிக்கிறானுங்க, பட்டாசு வெடிக்குது. டில்லி என் மேலயே வந்து வுழறான், வேர்வ நாத்தம், கழுத்தக் கட்டிக்கினு முத்தம் குடுக்கறான். "அண்ணே! நவுரவே இல்லயேண்ணே நீ! மலை மாதிரி நின்னியே! எங்க வரும்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கு பாரு ஒனக்கு!" நான் அவன் பனியனப் புடிச்சுக்கினேன். டில்லி, பந்து ஆடுச்சாடா? "இன்னாண்ணே?" வரும்போது ஆடுச்சான்னு கேக்கறேன். வளைஞ்சுச்சா, கொஞ்சமாச்சும்? சொல்றா. அவன் சிரிக்கிறான். பல்லு பூரா தெரியுது. "நம்ம பந்து எந்த ஜென்மத்துலண்ணே ஆடுச்சு? கோடு போட்ட மாதிரி வந்துச்சு. நேரா உன் கைக்கே வந்துச்சு."

எழுந்து நின்னேன். பந்து கைல இருக்குது, தையல் தையலா வெரல்ல நெருடுது, ஒவ்வொரு துண்டா தடவறேன், எங்கயும் பிரியல, வீங்கல, ஒரு நூல் வெளிய வரல, பூவோட ஒரு இதழ் ஒட்டிக்கினு இருக்குது. பந்து மேல ஒரு தப்பும் இல்ல. ரெஃப்ரி ஆடு ஆடுன்னு கை காட்றான், முடியப்போவுது, தூக்கி அடிச்சா ஜெயிச்சோம். கார்னர் பக்கம் திரும்பினேன், மோசஸப் பாத்தேன், வலது கண்ண மூடினேன். மாலை தெரியுது. சுத்தி வட்டமா ரோசாப்பூ, அந்தாண்ட மெழுகுவத்தி, இந்தாண்ட கற்பூரம், சேர்ல உக்காந்து கை தட்டிக்கினு இருக்கிற அவங்கம்மா சேலை ஓரம், எல்லாம் தெரியுது. நடுவுல மோசஸ் இல்ல. அழுக்குத் தண்ணி கொட்டின மாதிரி ஒரு கறை. கண்ணத் தொறந்தேன், இருந்தான். மூடினேன், இல்ல. "அடிண்ணே! இன்னாத்தப் பாத்துக்கினு நிக்கிற?"ன்னு டில்லி கத்தறான். தெரியலபா, சத்தியமா எனக்குத் தெரியலபா. வாயத் தொறந்து சொன்னேனா இல்ல உள்ளயே சொன்னேனா, டில்லி ஒரு மாதிரியா பாக்கறான். நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு ஹார்பர்ல லோடு.